இணையத் தரநிலைகளில் சுற்றுச்சூழலுக்கு ஓர் இடம்: காரைக்குடியில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் சிறுதொழில் செய்பவர்களுக்கு வெப்சைட் செய்துகொடுப்பது என் வேலை. பழைய வீடுகளில் விருந்தினர் தங்கும் இடம் நடத்துபவர்கள், ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர்கள், பலகாரக் கடைக்காரர்கள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். சனிக்கிழமைகளில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஒரு வகுப்பில், “வலை எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கும் கொள்கைகளில் சுற்றுச்சூழலும் ஒன்று” என்று போகிற போக்கில் சொன்னேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. மாணவர்கள் கேட்டது, வாடிக்கையாளர்கள் கேட்டது, வீட்டில் கேட்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்தக் கொள்கையைப் பற்றிப் பேசுகிறோம்? யார் எழுதியது?

வலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்புகளில் முக்கியமானது டபிள்யூ3சி. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994இல் தொடங்கியது. அதற்குள் ‘டேக்’ என்று ஒரு தொழில்நுட்பக் குழு உண்டு. புதிதாக வரும் தரநிலைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, வலையின் அடிப்படைக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அதன் பொறுப்பு. அந்தக் குழு எழுதிய ‘அறம்சார் வலைக் கொள்கைகள்’ என்ற ஆவணம் 2024 டிசம்பரில் டபிள்யூ3சியின் அதிகாரபூர்வ அறிக்கையானது. வலை எல்லோருக்கும் உரியது, தனியுரிமையை மதிக்க வேண்டும், கருத்துச் சுதந்திரத்துக்கு இடம் தர வேண்டும் என்று போகிற அந்தப் பட்டியலில், வலை சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நீடித்து நிற்க வேண்டும் என்பதும் ஒன்று.

அதற்குக் கீழே எழுதியிருப்பது கொஞ்சம்தான். புதிய தொழில்நுட்பங்களைக் கொண்டுவரும்போது சுற்றுச்சூழலுக்கு மேலும் கேடு செய்யாமலிருக்க முயல்வோம் என்கிறது. கூடவே இன்னொன்றையும் சொல்கிறது: ஒரு புது வசதியால் பலன் பெறுகிறவர்கள் வேறு, அதன் சூழல் பாதிப்பைச் சுமக்கிறவர்கள் வேறாக இருக்கலாம், அதை மனத்தில் வைத்துக்கொள்வோம் என்கிறது.

தரநிலை என்றால் என்ன என்பதையே கொஞ்சம் விளக்குங்களேன்.

நீங்கள் எந்த ஃபோனில், எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒரு பக்கம் ஒரே மாதிரி வேலை செய்வதற்கான பொது உடன்பாடு. படத்தை எப்படிக் காட்டுவது, எழுத்தை எப்படி அடுக்குவது, பார்வையற்றவருக்கு எப்படி வாசித்துக் காட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரவுசர் செய்யும் நிறுவனங்களும் மற்றவர்களும் கூடிப் பேசி எழுதுகிறார்கள்.

“ஃபோனுக்குள்ள என்னடா புகை?”

அப்பத்தா கேட்டது. அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஃபோனில் ஒரு பக்கம் திறந்தால் மூன்று இடத்தில் மின்சாரம் ஓடுகிறது. பக்கத்தை வைத்திருக்கும் சர்வரில், அதைச் சுமந்துவரும் கேபிளிலும் டவரிலும், கடைசியாகக் கையில் இருக்கும் ஃபோனில். சர்வர்கள் குவிந்திருக்கும் டேட்டா சென்டர்கள் மட்டும் 2024இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. உலக மின்நுகர்வில் அது சுமார் 1.5 சதவீதம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. புகை ஃபோனில் வரவில்லை அப்பத்தா, அனல்மின் நிலையத்துக் குழாயில் வருகிறது.

ஆனால் ஃபோன் விஷயத்தில் மின்சாரம் சின்னச் செலவு. ஒரு ஸ்மார்ட்ஃபோன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிமத்தில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வெளியேறிவிடுகிறது. சுரங்கத்திலிருந்து உலோகம் எடுப்பது, சிப் செய்வது எல்லாம் அதில் சேரும். ஆகவே ஒரு ஃபோனை மூன்று வருடத்துக்குப் பதில் ஆறு வருடம் வைத்திருப்பது, ராத்திரி சார்ஜரைப் பிடுங்கி வைப்பதைவிடப் பல மடங்கு பெரிய காரியம். நல்லா இருக்கும் ஃபோனை ஏன் மாற்றுகிறோம்? பாதி நேரம், “ரொம்ப ஸ்லோவா இருக்கு” என்று. ஃபோன் தன்னால் மெதுவாவது குறைவு. அதில் திறக்கும் பக்கங்கள் கனத்துக்கொண்டே போவதுதான் அதிகம். வலைப் பக்கங்களின் எடையை அளந்து பதிவு செய்யும் எச்டிடிபி ஆர்க்கைவ் கணக்குப்படி, ஃபோனில் திறக்கும் நடுத்தரப் பக்கம் 2014இல் அரை எம்பி அளவில் இருந்தது. 2024இல் 2.3 எம்பி.

அது வெப்சைட் செய்கிறவர் பார்க்க வேண்டியது. தரநிலையில் ஏன் எழுத வேண்டும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. எனக்கு முக்கியமானதும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவின் நடுவே முற்றம் திறந்து கிடக்கும். நாலு பக்கக் கூரையிலும் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியே வெளியேறி, தெருவோடு ஓடி ஊரணிக்குச் சேரும். மழைத்தண்ணீரை விட்டால் வேறு வழியில்லாத மண்ணில் இப்படித்தான் ஊர் கட்டியிருக்கிறார்கள். அந்த வாட்டம், அதாவது தண்ணீர் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பது, கல் பதிப்பதற்கு முன்னால் முடிவாக வேண்டும். கல் பதித்தபிறகு வாட்டம் தப்பு என்று தெரிந்தால், அந்த வீட்டில் இருப்பவர்கள் தலைமுறைக்கும் மழைக்கு மழை வாளியோடு நிற்க வேண்டியதுதான்.

தரநிலை அந்த வாட்டம். வலையில் ஒரு வழக்கம் உண்டு: ஒருமுறை கொடுத்ததைப் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை. எடுத்தால் பழைய பக்கங்கள் உடைந்துபோகும். 1990களின் தொடக்கத்தில் எழுதிய பக்கம் இன்றைய பிரவுசரில் திறக்கிறது. அது பெரிய நன்மை, அதை நான் மதிக்கிறேன். அதே காரணத்தால் தவறும் நிலைத்துவிடுகிறது. ‘டாக்குமென்ட்.ரைட்’ என்று, பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பழைய கட்டளை. பக்கம் ஏறுவதைத் தடுத்து நிறுத்தக்கூடியது. பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தரநிலையே “இதைப் பயன்படுத்தாதீர்கள்” என்று வலியுறுத்துகிறது. ஆனாலும் நீக்க முடியவில்லை. அதை நம்பியிருக்கும் பக்கங்கள் அத்தனை.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. திரையில் தெரியாத படங்களை முன்கூட்டியே இறக்காமல், பார்ப்பவர் கீழே தள்ளிக்கொண்டு போகும்போது இறக்குவது நல்ல பழக்கம். முன்பெல்லாம் அதற்கு ஒவ்வொருவரும் தனியாக ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும். நானும் எழுதியிருக்கிறேன், சில நேரம் சரியாக வேலை செய்யாது. 2020இல் எச்டிஎம்எல் தரநிலை அதற்கு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தது: ‘லோடிங்=லேசி’. அவ்வளவுதான். கோடிக்கணக்கான பக்கங்களில் வேண்டாத படங்கள் இறங்குவது நின்றது. காரைக்குடியில் உட்கார்ந்து நான் ஆயிரம் வெப்சைட்டை மெலிய வைத்தாலும் அந்தச் சொல் செய்ததில் ஒரு துளிகூட ஆகாது.

அதனால்தான் கேள்வி முன்னாலேயே எழ வேண்டும் என்கிறேன். வசதி வந்தபிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

“பலன் ஒருவருக்கு, பாதிப்பு இன்னொருவருக்கு.” இது நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

நமக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வருகிறவர்கள் நிலைக்கதவைத் தடவிப் பார்த்து மலைக்கிறார்கள். அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. அந்த வீடுகளின் மேல் எனக்கு உள்ள பெருமை ஒருநாளும் குறையாது. ஆனாலும் தூணின் அழகு இங்கே இருக்கிறது, மரம் நின்ற காடு இங்கே இல்லை. அந்தக் காட்டை இழந்தவர்கள் யார் என்று நாங்கள் யாரும் கேட்டு வளரவில்லை.

இன்று நாம் மறுபக்கத்திலும் நிற்கிறோம். ஏதோ ஒரு நாட்டில் புத்தம்புது ஃபோனும் வேகமான ஃபைபர் இணைப்பும் வைத்திருப்பவர்கள் கூடி ஒரு வசதியை வடிவமைக்கிறார்கள். அதைத் தாங்க முடியாமல் சூடாகிற ஃபோன் தேவகோட்டையில் ஒருவருடைய கையில் இருக்கிறது. மழை ஒரு வருடம் பொய்த்தால் கண்மாய் வற்றிப்போகும் மாவட்டம் நம்முடையது. பருவநிலை மாறுவதன் விலையை முதலில் கொடுப்பவர்களில் நாமும் உண்டு. அந்த ஆவணத்தை எழுதியவர்களுக்குச் செட்டிநாடு தெரிந்திருக்காது. என்றாலும் அதைப் படித்தபோது யாரோ நம் பக்கத்திலிருந்து பேசியது போலத்தான் எனக்கு இருந்தது.

கொள்கை எழுதினால் நடந்துவிடுமா? காகிதத்தோடு நின்றுவிடாதா?

நியாயமான சந்தேகம். முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இணையத்தின் அடித்தள நெறிமுறைகளை, அதாவது கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகளை, வகுப்பது ஐஇடிஎஃப் என்ற அமைப்பு. அதன் ஆவணங்களில் ‘பாதுகாப்பு குறித்து’ என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும் என 1990களில் விதி வந்தது. வந்ததும் என்ன செய்தார்கள்? பல ஆவணங்களில் அந்தத் தலைப்பைப் போட்டு, “பாதுகாப்பு பற்றி இங்கே பேசவில்லை” என்று ஒரே வரியில் முடித்தார்கள். வெறும் சடங்கு. ஆனால் தலைப்பு அங்கேயே இருந்தது. 2003இல் அந்தப் பகுதியை எப்படி ஒழுங்காக எழுத வேண்டும் என்று வழிகாட்டி வந்தது. இன்று பாதுகாப்பைப் பற்றி யோசிக்காமல் ஒரு நெறிமுறையை அங்கே கொண்டுபோக முடியாது, கிழித்துவிடுவார்கள்.

வலைத் தரநிலைகளிலும் அப்படித்தான். டபிள்யூ3சியில் ஒரு தரநிலை வெளிவரும் முன் மாற்றுத்திறனாளிகளுக்கு அது பயன்படுமா, எல்லா மொழிக்கும் பொருந்துமா, தனியுரிமை என்ன ஆகும், பாதுகாப்பு என்ன ஆகும் என்று தனித்தனியாகப் பரிசீலிக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு இப்போது கொள்கை இருக்கிறது. பரிசீலனைப் படி இன்னும் அந்த அளவுக்கு ஊன்றவில்லை. கொள்கை இல்லாமல் அந்தப் படி வரவே வராது என்பதுதான் என் எண்ணம்.

இந்தக் கொள்கையை யாராவது எப்போதாவது முன்வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்களா?

போட்டிருக்கிறார்கள். 2021இல் ‘மையமற்ற அடையாளக் குறிகள்’ என்ற தரநிலை ஒப்புதலுக்கு வந்தது. ஒருவருடைய டிஜிட்டல் அடையாளம் எந்த நிறுவனத்தின் கையிலும் சிக்காமல் அவரிடமே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். அந்த அடையாளத்தைப் பதிந்துவைக்கப் பல முறைகளை அது அனுமதித்தது, பல கணிப்பொறிகள் பகிர்ந்து வைத்திருக்கும் பதிவேடான பிளாக்செயினும் அவற்றில் ஒன்று. பிட்காயின் போன்ற பிளாக்செயின்கள் ‘வேலைச் சான்று’ முறையில் இயங்குகின்றன. உலகெங்கும் கணிப்பொறிகள் போட்டி போட்டுக்கொண்டு புதிர்க்கணக்கு போடும், வென்றது ஒன்றைத் தவிர மற்றவை எரித்த மின்சாரம் வீண்.

கூகுள், ஆப்பிள், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லா மூன்றும் முறையான ஆட்சேபம் தெரிவித்தன. காரணங்கள் பல. மொசில்லா மட்டும் அளவுகடந்த மின்செலவை ஒரு காரணமாக வெளிப்படையாக எழுதியது. இப்படிப்பட்ட தொழில்நுட்பங்களில் டபிள்யூ3சி இனியும் நடுநிலையாக வேடிக்கை பார்க்க முடியாது என்பது அதன் வாதம். அன்று சூழல் கொள்கை டேக் குழுவின் ஆவணத்தில் இருந்தது, ஆனால் அமைப்பு முழுவதும் ஏற்றுக்கொண்ட அறிக்கையாக ஆகியிருக்கவில்லை.

2022 ஜூனில் ஆட்சேபங்கள் தள்ளுபடியாயின. ஜூலையில் தரநிலை வெளிவந்தது. தோல்விதானே என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். தீர்ப்பைப் பார்த்தால் அப்படித்தான். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். மின்சாரச் செலவு என்பது ஒரு தரநிலையை எதிர்க்கப் போதுமான காரணமா என்று உலக அரங்கில் வாதம் நடந்தது, அதை ஒருவரும் சம்பந்தமில்லாத பேச்சு என்று ஒதுக்க முடியவில்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2022 செப்டம்பரில், எத்திரியம் என்ற பிளாக்செயின் வேலைச் சான்று முறையையே கைவிட்டது. அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அது டபிள்யூ3சியால் நடந்தது அல்ல. ஆனால் “வேறு வழியில்லை, இவ்வளவு செலவாகத்தான் செய்யும்” என்ற பேச்சு பொய் என்று அது காட்டிவிட்டது.

கட்டாயமா?

இல்லை. மீறினால் அபராதம் கிடையாது. தரநிலை எழுதுகிறவர்களுக்கான வழிகாட்டி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எச்டிஎம்எல் தரநிலையை இப்போது பராமரிப்பது டபிள்யூ3சி அல்ல. 2019இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வாட்விக் (WHATWG) என்ற தனிக் குழு அதைப் பார்த்துக்கொள்கிறது. பிரவுசர் நிறுவனங்களின் கை அங்கே ஓங்கியிருக்கிறது. டபிள்யூ3சியின் கொள்கை அவர்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் அதே ஆட்கள் உட்காருகிறார்கள் என்பதால் பேச்சு அங்கேயும் போகும் என்று நம்புகிறேன்.

மற்றக் கொள்கைகளோடு மோதினால்?

மோதும். மோதியிருக்கிறது.

பேட்டரி என்றால் காரைக்குடிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறந்த சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில் இருக்கிறது. ஃபோன் பேட்டரி குறைகிறது என்று தெரிந்தால் பக்கம் தானாகவே அடங்கி ஒடுங்கி, அசைவுகளை நிறுத்தி, வீடியோவைத் தவிர்க்கலாம் அல்லவா? இந்த எண்ணத்தில் வந்தது பேட்டரி நிலையைப் பக்கத்துக்குச் சொல்லும் தரநிலை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘இந்த ஃபோனில் இத்தனை சதவீதம், தீர இத்தனை விநாடி’ என்ற விவரம் ஒருவரை அடையாளம் கண்டு பின்தொடரவும் உதவும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் அதை நீக்கியது. அந்த இடத்தில் தனியுரிமை வென்றது, அது சரியென்றே நினைக்கிறேன். பேட்டரிக்கு ஏற்ப அடங்குவதை, பக்கத்திடம் எதையும் சொல்லாமல், பிரவுசரே பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. நீங்கள் பிரவுசரில் வேறு தாவலுக்கு (டேப்) போய்விட்டால் பழைய தாவலில் அசைவுகளும் கணக்குகளும் ஓடத் தேவையில்லை. ‘பக்கம் கண்ணில் படுகிறதா’ என்று சொல்லும் தரநிலை 2013இல் வந்தது. யாருடைய ரகசியமும் வெளியே போகாமல் பேட்டரி மிச்சமாகிறது.

பெரும்பாலான நேரங்களில் மோதலே இல்லை. உங்களைப் பின்தொடரும் விளம்பர ஸ்கிரிப்டுகளை எடுத்துவிட்டால் தனியுரிமையும் கூடும், எடையும் குறையும்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் இத்தனை கிராம் கரிமம் என்று காட்டும் தளங்கள் இருக்கின்றனவே. அதை நம்பலாமா?

ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்துங்கள், சத்தியம் செய்யாதீர்கள். அவை பெரும்பாலும் எத்தனை எம்பி இறங்கியது என்பதை வைத்து மின்சாரத்தை ஊகிக்கின்றன. ஆனால் ரூட்டர், டவர் போன்ற கருவிகள் தரவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம் எடுப்பவை. ஒரு எம்பி குறைத்தால் அந்த நொடியே இத்தனை மின்சாரம் மிச்சம் என்று சொல்ல முடியாது. எல்லாரும் கனத்த பக்கங்களை அனுப்பினால் நாளை பெரிய கருவிகள் வாங்க வேண்டிவரும், ஃபோன்களும் சீக்கிரம் மாறும். செலவு அங்கேதான் விழுகிறது. கிராம் கணக்கை விளம்பரத்தில் போட்டு “பசுமை வெப்சைட்” என்று விற்பது எனக்குப் பிடிக்கவில்லை, நான் செய்வதும் இல்லை.

டார்க் மோட் போட்டால் போதுமா?

ஓஎல்இடி திரை என்றால் கொஞ்சம் உதவும். 2021இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் அளந்து பார்த்தது. வெளிச்சத்தை முழுதாக வைத்தால் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம். நாம் சாதாரணமாக வைக்கும் பாதி வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். எல்சிடி திரையில் பலன் இல்லை.

தமிழ்ப் பக்கங்கள் ஆங்கிலப் பக்கங்களைவிடக் கனமானவையா?

எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ஆம். யூனிகோடை இணையத்தில் அனுப்பும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழுக்குக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘காரைக்குடி’ என்று எழுத 30 பைட். ஆனால் இதற்காக யாரும் வருந்த வேண்டாம். அனுப்பும்போது சர்வர் சுருக்கித்தான் அனுப்புகிறது, ஒரு முழுக் கட்டுரை ஒரு சின்னப் படத்தைவிட எடை குறைவு. தமிழ் எழுத்துரு ஆண்ட்ராய்டு ஃபோனில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே பயன்படுத்தினால் எழுத்துருவும் இறங்க வேண்டாம்.

நம்முடைய உண்மையான பிரச்சினை வேறு. எழுத்தைப் படமாக்கி அனுப்பும் பழக்கம். ஆளாளுக்கு ஒரு எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்த காலத்தில், எங்கும் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படமாக்கினோம். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றபின்பும் பழக்கம் போகவில்லை. கோவில் திருவிழா அழைப்பு, பள்ளி அறிவிப்பு, அரசுச் சுற்றறிக்கை எல்லாம் இன்னும் ஸ்கேன் செய்த படம். பத்து வரிச் செய்தி ஒரு எம்பி ஆகிறது. தேடினால் கிடைக்காது. பார்வையற்ற ஒருவரின் ஃபோன் அதை வாசித்துக் காட்டாது. சூழலும் அணுகல்வசதியும் ஒரே பக்கம் நிற்கும் இடம் இது.

இதில் ஒரு விதிவிலக்கு. நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாயின. அப்படிப்பட்ட அரிய அச்சுப் பக்கங்களைப் படமாகத்தான் காக்க வேண்டும், எத்தனை எம்பி ஆனாலும் தகும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து எழுத்தாகவே ஏற்றினார்கள். அந்தக் கோப்புகள் இன்றும் எந்தப் பழைய ஃபோனிலும் நொடியில் திறக்கின்றன.

நாங்கள் வீட்டை விருந்தினருக்கு விடுகிறோம். எங்கள் வெப்சைட்டுக்கு இதில் என்ன?

இப்படி ஒரு வீட்டுக்கு நான் முதலில் செய்த பக்கத்தைச் சொல்கிறேன். திறந்ததும் முற்றத்து வீடியோ தானாக ஓடும். படங்கள் கேமராவில் எடுத்த அளவிலேயே ஏற்றியவை. என் மேஜையில் பார்க்க அழகாக இருந்தது. திருச்சியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்த விருந்தினர் ஒருவர், திருமயம் தாண்டியதும் சிக்னல் குறைந்து, வீட்டுக்கு வழி பார்க்கப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். திறக்கவே இல்லை. வீட்டுக்கார ஆச்சி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். தவறு என்னுடையது, ஆச்சி கேட்க வேண்டியிருந்தது. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது செய்வது இது. முகவரியும் தொலைபேசி எண்ணும் வழியும் எழுத்தாக, முதலில். படங்கள் அவிஃப் வடிவில். அதே தரத்தில் ஜேபெக்கைவிட ஏறத்தாழ பாதி எடைதான். வீடியோ, விரும்பித் தொட்டால் மட்டும். பதினைந்து படத்துக்குப் பதில் ஆறு. பக்கம் அரை எம்பிக்குள் நின்றுவிடும். இந்த வசதிகள் எல்லாமே தரநிலையில் ஏற்கெனவே இருப்பவை. நான் பயன்படுத்தாமல் விட்டிருந்தேன்.

சூரிய மின்சாரத்தில் ஓடும் ஹோஸ்டிங் வாங்கினால் தீர்ந்ததா?

வாங்குங்கள், நல்லதுதான். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது, நம் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் சர்வர் சுத்தமாகிவிட்டாலும் கேபிளும் டவரும் விருந்தினரின் ஃபோனும் அப்படியே இருக்கின்றன. ஃபோன் சீக்கிரம் குப்பைக்குப் போவதை ஹோஸ்டிங் தடுக்காது.

ஏஐ வந்தபிறகு இதெல்லாம் கடலில் பெருங்காயம் கரைத்த மாதிரி இல்லையா?

எனக்குக் கவலை தரும் கேள்வி இது. டேட்டா சென்டர்களின் மின்நுகர்வு 2030இல் இரட்டிப்புக்கும் மேலாகி 945 டெராவாட் மணியைத் தொடலாம் என்று அதே எரிசக்தி முகமை சொல்கிறது. அதில் ஏஐயின் பங்கு பெரிது.

தரநிலை எழுதுகிறவர்களின் மேஜைக்கு இது இன்னொரு வழியிலும் வந்திருக்கிறது. ஏஐ மாதிரியை (மாடலை) பிரவுசருக்குள்ளேயே வைத்து, எந்தப் பக்கம் கேட்டாலும் இயங்கவைக்கும் திட்டங்கள் பேச்சில் இருக்கின்றன. சர்வருக்கு எதையும் அனுப்பாததால் தனியுரிமைக்கு நல்லது. மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்கு நமக்கே உதவும். ஆனால் அந்த ஏஐ மாடலின் எடை சில ஜிபி. நம்மூரில் 64 ஜிபி ஃபோனில் குடும்பப் படங்களுக்கே இடம் பற்றாமல் அழித்துக்கொண்டிருக்கிறோம். இந்த வசதியை ஒரு பொதுக் கட்டளையாக்கினால், அது இல்லாத ஃபோனில் பக்கம் என்ன செய்யும்? அந்த ஃபோனை வைத்திருப்பவர் புது ஃபோன் வாங்கத் தள்ளப்படுவாரா? இதை இப்போது கேட்டால் பதிலுக்கு ஏற்ப வடிவத்தை மாற்றலாம். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால், அதை நம்பிய பக்கங்கள் பெருகியிருக்கும். ஏஐயின் மொத்த மின்செலவை இந்தக் கொள்கை நிறுத்தாது. இந்த ஒரு கதவில் நின்று கேட்கும் உரிமையை அது தருகிறது.

இங்கிருந்து நாம் ஏதாவது செய்ய முடியுமா? நம் பேச்சு அங்கே எடுபடுமா?

டபிள்யூ3சியில் நிறுவன உறுப்பினராகப் பெரிய கட்டணம் உண்டு. ஆனால் அதன் சமூகக் குழுக்களில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிச் சேரலாம். தரநிலை வரைவுகள் பொதுவெளியில்தான் எழுதப்படுகின்றன, கருத்துச் சொல்ல யாருக்கும் தடையில்லை. ‘வலை நீடித்தநிலை வழிகாட்டி’யின் முதல் வரைவை 2023இல் வெளியிட்டது அப்படிப்பட்ட ஒரு சமூகக் குழுதான். அந்த வேலையைத் தொடர 2024இல் டபிள்யூ3சி தனிக் குழுவே அமைத்தது.

ஆங்கிலம் ஒரு தடை, மறுக்கவில்லை. என் மாணவர்கள் தயங்குகிறார்கள். அதனால் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு புதிய வரைவை எடுத்துத் தமிழில் பேசிப் படிக்கிறோம். மேஜையில் 2017இல் வாங்கிய, கண்ணாடி கீறிய என் பழைய ஃபோன் இருக்கும். இந்த வசதி இந்த ஃபோனில் என்ன ஆகும், யாருக்குப் பலன், யாருக்குச் செலவு என்று கேட்டு, கிடைக்கும் பதிலை நாலு வரியாக ஆங்கிலத்தில் எழுதுகிறோம். முதல் குறிப்பு அனுப்பத் தயாராக இருக்கிறது. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்குவதைப் பற்றி, திருமயம் சாலையில் சோதித்துப் பார்த்து எழுதியது.